மலிவு விலைச் சீன பஃபே: எப்போது போவது, எதை எடுப்பது, எதை விடுவது

அமெரிக்காவில் கொஞ்சம் பெரிய ஊர் என்றாலே ஒரு சீன பஃபே இருக்கும். வால்மார்ட்டுக்கு எதிர்ப்புறக் கடை வரிசையிலோ, மூடிப்போன பழைய சூப்பர் மார்க்கெட் கட்டடத்திலோ தேடினால் கிடைத்துவிடும். வாசலில் இரண்டு கல் சிங்கங்கள், உள்ளே மீன் தொட்டி, நூறு ஐட்டத்துக்கு மேல் உண்டு என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை. மேற்படிப்புக்கு வந்த மாணவர்களும், மகனையோ மகளையோ பார்க்க வந்த அப்பா அம்மாக்களும் இங்கே ஒருமுறையாவது வந்துவிடுவார்கள். சிலர் "ஒரே எண்ணெய், ஒரே இனிப்பு" என்று முகம் சுளித்துத் திரும்புவார்கள். சிலருக்கு அது வாராவாரம் போகும் கடையாகிவிடும்.

இரண்டு தரப்பும் சொல்வது உண்மைதான். ஒரே கடையில், ஒரே நாளில் பகல் 12.30க்கு உட்கார்ந்தவரும் 3.30க்கு உட்கார்ந்தவரும் சாப்பிடுவது ஒரே சாப்பாடு அல்ல. தட்டத்தில், அதாவது உணவு நிரப்பி வரிசையில் வைக்கும் பெரிய எஃகுப் பாத்திரத்தில், இருப்பது சமையலறையிலிருந்து எப்போது வந்தது என்பதுதான் பஃபேயில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கீழே சொல்லப்போவது பெரும்பாலும் இதைக் கண்டுபிடிக்கும் வழிகள்தான்.

நேரம்

பஃபேயில் இரண்டு விலை உண்டு. காலை 11 மணிக்குத் தொடங்கி 3 அல்லது 3.30 வரை லஞ்ச் விலை; அதற்குப் பிறகு டின்னர் விலை. ஊருக்கு ஊர் மாறும் என்றாலும் இப்போது லஞ்சுக்கு 12 முதல் 15 டாலர், டின்னருக்கு 17 முதல் 22 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். ஞாயிறன்று பல கடைகளில் நாள் முழுக்க டின்னர் விலைதான். டின்னரில் கூடுதலாக வருவது நண்டுக் கால், பெரிய இறால், ஸ்டேக் என்ற மாட்டிறைச்சித் துண்டு, கொஞ்சம் கூடுதலாக சுஷி என்ற ஜப்பானியச் சோற்று உருட்டு. மீன், நண்டு பிடிக்காதவருக்கு டின்னர் வீண் செலவு, லஞ்சே போதும்.

வேலை நாளில் 12க்கும் 1க்கும் இடையே போங்கள். பக்கத்து அலுவலகங்களிலிருந்தும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலிருந்தும் ஆட்கள் வந்து குவியும் நேரம் அது. கூட்டம் அதிகம் என்றால் தட்டம் சீக்கிரம் காலியாகும், புதுத் தட்டம் வரும். மாலையில் போவதென்றால் வெள்ளி, சனி 6 முதல் 7.30 வரை நல்ல நேரம். தென் மாநிலங்களில் ஞாயிறு சர்ச் முடிந்ததும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அப்போதும் உணவு சூடாக இருக்கும், ஆனால் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும்.

போகவே கூடாத நேரம் 2.30 முதல் 5 வரை, அப்புறம் மூடுவதற்கு முந்தைய கடைசி ஒரு மணி நேரம். நம் மாணவர்களிடையே ஒரு தந்திரம் பிரபலம்: 3.15க்குப் போய் லஞ்ச் விலை கொடுத்துவிட்டு, டின்னர் ஐட்டம் வரும்வரை உட்கார்ந்திருப்பது. கேட்கச் சாமர்த்தியமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் கடையில் ஆள் இருக்காது, தட்டங்களில் மதியத்து மிச்சம் காய்ந்துகொண்டிருக்கும், நண்டுக் கால் வரும்போது உங்கள் வயிறு நூடுல்ஸால் நிரம்பியிருக்கும். மிச்சம் பிடித்த ஐந்து டாலருக்கு இது தேவையா என்று யோசியுங்கள்.

கடையைத் தேர்ந்தெடுப்பது

சுகாதாரத் துறை கொடுத்த மதிப்பெண்ணை முதலில் பாருங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தில் 1998 முதலும், நியூயார்க் நகரத்தில் 2010 முதலும் வாசலிலேயே எழுத்துத் தரம் ஒட்டி வைக்க வேண்டும். ஜார்ஜியா, வட கரோலினா போன்ற இடங்களிலும் ஆய்வு மதிப்பெண் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி இருக்கும். மற்ற ஊர்களில் மாவட்ட சுகாதாரத் துறையின் இணையதளத்தில் தேடினால் கிடைக்கும். ஒரு குறை எழுதியிருக்கிறார்கள் என்பதற்காகக் கடையையே ஒதுக்க வேண்டாம். உணவின் வெப்பநிலை, பூச்சி ஆகிய இரண்டு குறைகளும் திரும்பத் திரும்ப வந்திருந்தால் மட்டும் வேறு கடை பாருங்கள்.

உள்ளே நுழைந்ததும் மூக்கு சொல்வதைக் கேளுங்கள். பொரித்த எண்ணெய், பூண்டு, சோயா சாஸ் வாசனை வந்தால் சரி. பழைய எண்ணெயின் சிக்கு வாடையோ, நண்டு, சிப்பி வைத்திருக்கும் பக்கத்திலிருந்து மீன் கவிச்சியோ தூக்கினால் அப்படியே திரும்பிவிடுங்கள். காசு கொடுப்பதற்கு முன்பு "ஒரு சுற்று பார்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்பதில் தவறில்லை, பெரும்பாலான கடைகளில் விடுவார்கள்.

பார்க்கும்போது தட்டங்கள் எவ்வளவு நிரம்பியிருக்கின்றன என்று கவனியுங்கள். ஆளில்லாத கடையில் எல்லாத் தட்டமும் விளிம்பு வரை நிறைந்திருந்தால் அது நல்ல அறிகுறி இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சமைத்து, பாதித் தட்டம் வைத்து, அடிக்கடி மாற்றும் கடைதான் தெரிந்து நடத்தும் கடை.

கல்லாவில்

சில கடைகளில் நுழைந்ததும் பணம், சிலவற்றில் சாப்பிட்டு முடித்த பிறகு. குழந்தைகளுக்கு வயதைப் பொறுத்து விலை. 60 அல்லது 65 வயதுக்கு மேல் தள்ளுபடி பல கடைகளில் உண்டு. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவோடு போனால் மறக்காமல் கேளுங்கள். குளிர்பானத்துக்கு 2 முதல் 3 டாலர் தனி. எத்தனை முறை வேண்டுமானாலும் நிரப்பித் தருவார்கள், ஆனால் வாயு நிரம்பிய வயிற்றோடு பஃபேயில் என்ன செய்வது? தண்ணீர் கேளுங்கள். சூடான தேநீர் கிடைத்தால் இன்னும் நல்லது. இந்த எண்ணெய்க்கு அதுதான் தோது. பலகையில் போட்ட விலைக்கு மேல் விற்பனை வரி சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெறுங்கையோடு ஒரு சுற்று

மேசையில் பையை வைத்ததும் தட்டை எடுக்க வேண்டாம். எல்லா வரிசையையும் ஒருமுறை நடந்து பாருங்கள். நம்மூர் அன்லிமிடெட் மீல்ஸில் பரிமாறுபவர் ஒழுங்காக ஒவ்வொன்றாகக் கொண்டுவருவார். இங்கே அந்த வேலையை நீங்களே செய்ய வேண்டும். வரிசையின் தொடக்கத்தில் பெரும்பாலும் ஃப்ரைடு ரைஸ், லோ மெய்ன் நூடுல்ஸ், பொரித்த உருண்டைகள் என்று வயிற்றை அடைக்கும் மலிவுச் சரக்கு இருக்கும். அங்கேயே தட்டு நிரம்பிவிட்டால் கோடியில் இருக்கும் பூண்டு பீன்ஸும் ஆவியில் வெந்த மீனும் கண்ணிலேயே படாது.

இந்தச் சுற்றில் கண்டுபிடிக்க வேண்டிய முக்கியமான இடம் சமையலறைக் கதவு. ஆடும் கதவு ஒன்று இருக்கும். அதைத் தோளால் தள்ளிக்கொண்டு, துணியால் பிடித்த எஃகுத் தட்டத்தோடு ஒருவர் வெளியே வருவார். அந்தக் கதவு தெரியும்படி உட்கார இடம் கேளுங்கள். பழைய தட்டத்தில் மிஞ்சியதைப் புதியதன் மேல் கவிழ்க்கிறாரா, அப்புறப்படுத்துகிறாரா என்பதும் அங்கிருந்தே தெரியும். கவிழ்த்தால், எடுக்கும்போது ஓரத்திலிருந்து அடியோடு எடுங்கள்.

எது தாங்கும், எது தாங்காது

சூடான உணவு இருக்கும் மேசைக்கு அடியில் கொதிநீர்த் தொட்டி இருக்கிறது. அந்த ஆவிதான் தட்டத்தைச் சூடாக வைத்திருக்கிறது. ஆவி என்றால் ஈரம். மொறுமொறுப்பாகப் பொரித்த எதுவும் அந்த ஈரத்தில் கால் மணி, இருபது நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காது. சாஸ் ஊற்றிய பொரித்த பண்டம் அதைவிடச் சீக்கிரம் தொய்ந்துவிடும். ஜெனரல் சோஸ் சிக்கன், எள் தூவிய செசமி சிக்கன், தேங்காய் இறால், பொரித்த மாவுச் சுருளான எக் ரோல் எல்லாம் இந்த வகை. இவற்றைக் கதவு திறந்து தட்டம் வந்த உடனே எடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். துண்டு ஒவ்வொன்றும் தனித்தனியாக, மேலே பளபளவென்று இருந்தால் புதிது. சாஸ் இறுகி, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓரத்தில் கறுத்த பிசின் படிந்திருந்தால் பழையது.

ஜெனரல் சோஸ் சிக்கனைச் சொன்னதால் ஒரு செய்தி. ஸுவோ ஸோங்டாங் என்ற, சீனாவின் சிங் பேரரசுத் தளபதியின் பெயர் அது. 1885இல் இறந்த அவர் இந்தக் கோழியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஹுனான் மாகாணத்துச் சமையல் கலைஞர் பெங் சாங்-குய் 1950களில் தைவானில் உருவாக்கிய பண்டம் இது. 1970களில் நியூயார்க் வந்த பிறகு, அமெரிக்க நாக்குக்காக இனிப்பு ஏறியது. பெங் முதலில் செய்ததில் சர்க்கரை கிடையாது. ஆகவே "இது உண்மையான சீனச் சாப்பாடு இல்லையே" என்று குறைபடுவதில் பொருள் இல்லை. பஃபேயில் இருப்பது அமெரிக்கச் சீனச் சமையல். அதற்கென்று தனி வரலாறு உண்டு.

ஆவி மேசையில் நன்றாகத் தாங்குபவை வேறு. பூண்டு போட்டு வதக்கிய பச்சை பீன்ஸ், காளான், மிளகுக் கோழி, மாபோ டோஃபு (சோயாக் கட்டி போட்ட காரமான குழம்பு), கத்தரிக்காய், சூப் வகைகள். நேரம் கெட்ட நேரத்தில் மாட்டிக்கொண்டால் இவற்றை நம்பலாம். ப்ரோக்கோலி ஆரம்பத்தில் அருமை. அரை மணி கழித்துப் பச்சை நிறம் மங்கி மஞ்சள் தட்டிவிடும், அதைப் பார்த்தே பக்கத்தில் இருக்கும் மற்றவற்றின் வயதையும் ஊகித்துக்கொள்ளலாம்.

முதல் தட்டு சிறிதாக இருக்கட்டும். சிறு கிண்ணத்தில் புளிப்பும் காரமுமான சூப், அப்புறம் ஆறேழு ஐட்டத்தில் ஒவ்வொரு கரண்டி. பிடித்ததை மட்டும் இரண்டாவது சுற்றில் எடுக்கலாம். ஃப்ரைடு ரைஸை நான் தொடுவதே இல்லை. குழம்பு போன்ற ஐட்டத்தோடு வெள்ளைச் சோறு இரண்டு கரண்டி போதும். சுஷியில் பெரும்பாலும் இருப்பது வெந்த சரக்குதான். கலிஃபோர்னியா ரோல் என்ற சுஷிக்குள் இருக்கும் சிவப்பு விளிம்பு போட்ட "நண்டு" உண்மையில் பொல்லாக் போன்ற வெள்ளை மீனை அரைத்துச் செய்தது.

நண்டுக் கால் டின்னரின் பெரிய ஈர்ப்பு. தட்டம் வந்ததும் ஒரு தள்ளுமுள்ளு நடக்கும். ஒருவரே இடுக்கியைப் பிடித்துக்கொண்டு மலைபோல் குவிப்பதும் உண்டு. நீங்கள் ஒரு கொத்து எடுத்துக்கொண்டு நகருங்கள், அடுத்த தட்டம் வரும். மூட்டுக்கு அருகே எதிரெதிர்த் திசையில் மடக்கி உடைத்து மெதுவாக இழுத்தால் சதை முழுசாக வரும். ஓடு உடையாமல் வளைந்துகொடுத்து, சதை நூல் நூலாகப் பிரிந்தால் அதிக நேரம் ஆவியில் கிடந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஹிபாச்சி கவுண்டரை விடாதீர்கள்

கோடியில் ஒரு பெரிய இரும்புக் கல்லும், அதன் முன்னால் நீளக் கரண்டிகளோடு ஒருவரும் நிற்கும் கடை கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். சில கடைகளில் மங்கோலியன் கிரில் என்று எழுதியிருப்பார்கள். இங்கே மட்டும்தான் உங்களுக்காக, உங்கள் கண் முன்னால் சமைக்கிறார்கள். ஒரு கிண்ணத்தில் முட்டைக்கோஸ், வெங்காயம், முளைப்பயறு, காளான், நூடுல்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லில் பட்டதும் பாதியாகச் சுருங்கும், அதனால் தாராளமாகவே எடுக்கலாம். பச்சை இறைச்சியைத் தனிக் கிண்ணத்தில் எடுங்கள், அதன் இடுக்கியைக் காய்கறிக்குள் கொண்டுபோகாதீர்கள். பூண்டுத் தண்ணீரும் மிளகாய் எண்ணெயும் கூடுதலாகக் கேட்டால் நம் நாக்குக்குப் பொருந்தும். பக்கத்தில் இருக்கும் டப்பாவில் ஒரு டாலர் போடுவது வழக்கம்.

சைவம், பன்றி

நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. காய்கறி மட்டும்தானே என்று எடுக்கும் பூண்டு பீன்ஸில் சிப்பிச் சாஸோ கோழிச் சாறோ இருக்கலாம். புளிப்புக் கார சூப்பில் பன்றி இறைச்சி நூல்கள் கிடக்கும். எடுத்துவிட்டாலும் அடிப்படைச் சாறு இறைச்சியில் செய்தது. மாபோ டோஃபுவிலும் கொத்துக்கறி சேர்ப்பது வழக்கம். எக் ரோலில் பன்றி சகஜம். மெலிதான ஸ்பிரிங் ரோல் பெரும்பாலும் காய்கறிதான், ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள். க்ராப் ரங்கூன் பார்க்கச் சமோசா மாதிரி இருக்கும். உள்ளே க்ரீம் சீஸோடு மீன் சதை உண்டு. ஃப்ரைடு ரைஸில் முட்டை நிச்சயம், சில இடங்களில் ஹாமும். தட்டத்துக்கு மேல் எழுதி வைத்த பெயர் வேறு, கீழே இருப்பது வேறு என்பதும் சர்வ சாதாரணம்.

"வெஜிடேரியனா?" என்று கேட்டால் "ஆமாம், காய்கறி" என்று பதில் வரும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது காய்கறிதான். அதனால் குறிப்பாகக் கேளுங்கள்: சிப்பிச் சாஸ் உண்டா, கோழிச் சாறு உண்டா, பன்றி உண்டா? ஒரு கரண்டி பக்கத்துத் தட்டத்துக்குப் போய் வருவதை யாரும் தடுக்க முடியாது என்பதால், கண்டிப்பான சைவக்காரர்களுக்கும் ஹலால் பார்ப்பவர்களுக்கும் இந்தக் கடை தோதுப்படாது. மனதை வருத்திக்கொண்டு போக வேண்டாம். கொஞ்சம் தளர்வானவர்கள் ஹிபாச்சி கவுண்டரில் கல்லைச் சுரண்டித் துடைத்துவிட்டு, சோயா சாஸ் மட்டும் போட்டுத் தரச் சொல்லலாம். கூட்டமில்லாவிட்டால் முகம் கோணாமல் செய்து தருவார்கள். வேர்க்கடலை, இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் பஃபே பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

அஜினமோட்டோ பயம் பற்றி ஒரு வார்த்தை. 1968இல் ராபர்ட் ஹோ மான் குவாக் என்ற மருத்துவர், சீன உணவகத்தில் சாப்பிட்டதும் கழுத்து மரத்துப்போகிறது, படபடக்கிறது என்று ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். அதிலிருந்து பரவியது இந்தக் கிலி. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அஜினமோட்டோவைப் பொதுவாகப் பாதுகாப்பானது என்ற பட்டியலில்தான் வைத்திருக்கிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கவலைப்பட வேண்டியது சோயா சாஸிலிருக்கும் உப்பைப் பற்றி. சாஸை வடித்து எடுத்தாலே உப்பு கொஞ்சம் குறையும்.

சுத்தம்

அமெரிக்க உணவு விதிமுறையின் மாதிரிச் சட்டப்படி சூடான உணவு 135 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 57 செல்சியஸுக்குக் குறையக் கூடாது. குளிர்ந்தது 41 ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 5 செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. வெப்பமானி வேண்டாம், கண்ணே போதும். சூடான தட்டத்தில் ஆவி எழ வேண்டும். இறாலும் சிப்பியும் ஐஸுக்கு மேலே குவித்து வைக்கப்படாமல் ஐஸுக்குள் புதைந்திருக்க வேண்டும். ஐஸ் உருகி இறால் தண்ணீரில் மிதந்தால் தொட வேண்டாம்.

ஒவ்வொரு சுற்றுக்கும் புதுத் தட்டு எடுங்கள். எச்சில் தட்டோடு வரிசைக்குப் போவதை விதிமுறையே தடுக்கிறது. பழையதை மேசையிலேயே விட்டால் வந்து எடுத்துப்போவார்கள். நூறு பேர் தொட்ட கரண்டிக் காம்பை நீங்களும் தொடுகிறீர்கள். எனவே எடுத்து முடித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன்பு கை கழுவுவது நல்லது.

இனிப்பு

அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஜெல்லித் துண்டுகள், சர்க்கரையில் புரட்டிய டோனட், சதுரம் சதுரமாக வெட்டிய உலர்ந்த கேக். டப்பா லிச்சியும் இயந்திரத்திலிருந்து சுழன்று விழும் ஐஸ்கிரீமும் சேர்ந்தால் நன்றாக இருக்கும். பில்லோடு வரும் ஃபார்ச்சூன் குக்கியின் வேர் ஜப்பானில் இருக்கிறது; கலிஃபோர்னியாவில் ஜப்பானியர் செய்துவந்தது சீன உணவகங்களின் கைக்கு மாறியது.

பில், டிப்ஸ், பொட்டலம்

நீங்களே போய் எடுத்துக்கொண்டீர்கள், டிப்ஸ் எதற்கு என்று கேட்கத் தோன்றும். தண்ணீர் நிரப்பி, எச்சில் தட்டுகளை அள்ளி, நண்டு ஓட்டை வழித்துப்போனது ஒருவர்தானே. டிப்ஸ் பெறும் ஊழியருக்கு மத்தியச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்பது 1991 முதல் மாறவில்லை. குறைந்தபட்சக் கூலியின் மீதியை டிப்ஸ்தான் ஈடுகட்ட வேண்டும். பல மாநிலங்கள் இதைவிடக் கூடுதலாக வைத்திருக்கின்றன, தென் மாநிலங்கள் சில இதிலேயே நிற்கின்றன. பஃபேக்குப் பத்து சதவீதம், அல்லது ஆளுக்கு இரண்டு டாலர் என்பது மரியாதையான கணக்கு. இந்தக் கடைகளை நடத்துபவர்கள் பெரும்பாலும் சீனாவின் ஃபுஜியன் மாகாணத்தின் ஃபுஜோ பக்கத்திலிருந்து வந்தவர்கள். நியூயார்க் சைனாடவுன் ஏஜென்சிகளில் வேலை பிடித்து, பஸ் ஏறி, பெயர் தெரியாத ஊரில் வந்து இறங்கும் ஊழியர்கள் பலர். மதியம் மூன்றரை மணிவாக்கில் கல்லாவுக்குப் பக்கத்து மேசையில் முதலாளியின் குழந்தை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பதையும், ஊழியர்கள் ஒரு மூலையில் பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருப்பதையும் பார்க்கலாம்.

தட்டில் மிச்சம் வைத்தால் கூடுதல் கட்டணம் என்று சில கடைகளில் எழுதி ஒட்டியிருப்பார்கள். வசூலிப்பது அபூர்வம், ஆனால் வசூலிக்கும் நிலைமைக்கு நீங்கள் போக வேண்டாம். உட்கார்ந்து சாப்பிட்ட பஃபேயிலிருந்து டிஷ்யூ பேப்பரில் சுற்றி எக் ரோலைப் பைக்குள் போடுவது திருட்டுதான், ஒன்றென்றாலும்.

வீட்டுக்கு வேண்டுமென்றால் அதற்குத் தனி வழி இருக்கிறது. பெட்டியில் நிரப்பி எடை போட்டு, பவுண்டு கணக்கில் விற்பார்கள். கடலுணவுக்கும் சுஷிக்கும் விலை தனியாக இருக்கும், நிரப்புவதற்கு முன் கேட்டுவிடுங்கள். எடைக்கு விற்கும்போது சாஸும் சூப்பும் சோறும் கட்டுப்படியாகாது. சோறு வீட்டிலேயே வடித்துக்கொள்ளலாம். பீன்ஸ், மிளகுக் கோழி, காளான் போன்றவற்றைக் கரண்டியைத் தட்டத்தின் விளிம்பில் ஒரு நொடி சாய்த்து, சாஸ் வடிந்த பிறகு பெட்டியில் போடுங்கள். கடையில் பெட்டியில் எடுத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மறுநாள் மைக்ரோவேவில் வைத்தால் கோழி ரப்பராகும். வாணலியைக் காயவைத்து, ஒரு பச்சை மிளகாய் கீறிப் போட்டு, அதிக தீயில் இரண்டு நிமிடம் புரட்டுங்கள்.